கஜா நிவாரணம்: நம் நிறுவனத்தின் 36 மாதத் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் 16, 2018 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. நாம் இருப்பது கோயம்புத்தூரில். பட்டறையில் வேலை செய்பவர்கள் 34 பேர். செய்வது பம்ப் மோட்டாருக்கான ஸ்டார்டர் பெட்டி, அதாவது மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் மின்பெட்டி. புயலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். நாம் செய்யும் பெட்டிகளில் பாதிக்கு மேல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில்தான் மாட்டியிருக்கின்றன. அந்தத் தோப்புகளால்தான் இத்தனை வருடமாக இங்கே 34 வீடுகளில் அடுப்பு எரிகிறது.

இந்த மூன்று வாரமாக டீ நேரத்திலும் போனிலும் தொழிலாளர்கள், டீலர்கள், வாடிக்கையாளர்கள் கேட்டவற்றை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறோம். டிசம்பர் 2018 நிலவரம் இது.

புயல் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போது போய் ஏன் ஆரம்பிக்கிறீர்கள்?

முதல் வாரத்தில் எல்லா ஊரிலிருந்தும் லாரி போனது. அரிசி, பிரெட், தண்ணீர் பாட்டில், மெழுகுவர்த்தி எல்லாம் அப்போது தேவைப்பட்டன. அதைச் செய்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் டிவியில் வேறு செய்தி வர ஆரம்பித்ததும் லாரிகள் குறைந்துவிட்டன. இழப்பு குறையவில்லை.

இதைத் தென்னையை வைத்துப் பார்த்தால்தான் புரியும். நெல் மூழ்கினால் ஒரு போகம் போகும். வாழை சாய்ந்தால் ஒரு வருடம் போகும். நெட்டை ரகத் தென்னை விழுந்தால், இன்றைக்கே கன்று வைத்தாலும் காய் பார்க்க ஆறேழு வருடம் ஆகும். நன்றாகப் பலன் கொடுக்க அதற்கு மேலும் ஆகும். விழுந்ததில் பல மரங்கள் அப்பா வைத்தவை, தாத்தா வைத்தவை. சுமார் 45 நாளுக்கு ஒருமுறை காய் வெட்டு விழும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கூட்டுறவுக் கடன், கல்யாணச் செலவு எல்லாம் அந்த வெட்டை நம்பித்தான் நடக்கும். கன்றைக்கூட ‘தென்னம்பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள்.

பேராவூரணி டீலர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். “சார், காலையில் எழுந்து கொல்லைப்பக்கம் வந்தால் வானம் தெரியுது. நாற்பது வருஷமா அங்க வானம் தெரிஞ்சதே இல்ல” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அதனால் ஒரே நாளில் பெரிய தொகை வசூலித்துக் கொடுத்துவிட்டு மறந்துபோவது வேண்டாம் என்று முடிவு செய்தோம். டிசம்பர் 2018 முதல் நவம்பர் 2021 வரை 36 மாதம், மாதாமாதம் சிறு தொகையாகத் தரலாம். ஏழு வருட இழப்புக்கு மூன்று வருடமாவது கூட நிற்க வேண்டாமா?

அரசாங்கம்தான் மரத்துக்கு இழப்பீடு தருகிறதே?

தருகிறது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். மத்திய அரசிடம் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டிருக்கிறார்கள். புயலுக்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனதையும் சொல்ல வேண்டும். அது நடக்காமல் இருந்திருந்தால் 60-க்கும் மேற்பட்ட உயிரிழப்பு எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் அந்த 1,100 ரூபாய் மரத்தை எண்ணிக் கொடுப்பது. சொந்தமாக மரம் இல்லாதவர்கள்? மரம் ஏறிக் காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிறு ஆலையில் தினக்கூலிக்குப் போகிறவர்கள், தோப்பில் காவல் இருப்பவர், இவர்கள் பெயரில் ஒரு மரமும் கிடையாது. தோப்புக்காரருக்கு வருமானம் நின்ற அதே நாளில் இவர்களுக்கும் நின்றது. நம் பணம் முதலில் இவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை.

பணம் சரியாக எங்கே போகிறது?

இரண்டு வழி வைத்திருக்கிறோம். எது வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

ஒன்று, முதலமைச்சரின் பொது நிவாரண நிதி. தொகையை அப்படியே அனுப்பிவிட்டு ரசீதை ஒட்டி வைப்போம்.

இரண்டாவது, நேரடி வேலை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு ஏக்கருக்குள் தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் நிலத்தில் விழுந்து கிடக்கும் மரங்களை அகற்ற, வேலை இழந்த மரமேறும் தொழிலாளர்களுக்கும் மட்டை உரிப்பவர்களுக்கும் நாள்கூலி கொடுக்கிறோம். மரம் அறுக்கும் மெஷின் வாடகையும் இதில் அடங்கும். ஒரே ரூபாய் ஒருவர் வீட்டு அடுப்புக்கும் இன்னொருவர் நிலத்துக்கும் உதவுகிறது.

மரத்தை அகற்ற ஏன் இவ்வளவு அவசரம் என்று இங்கே பலர் கேட்டார்கள். விழுந்த தென்னை மட்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். அந்த வண்டு பிறகு நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும், புதிதாக வைத்த பிள்ளையையும் விடாது. புயலில் தப்பிய பத்து மரத்தை அடுத்த வருடம் வண்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அரசு தரும் 500 ரூபாயில் ஒரு மரத்தை அறுத்து, வேரோடு தூரைப் பெயர்த்து, வெளியே கொண்டுபோய்ப் போட முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் மெஷினைத் தேடுகிறார்கள், வாடகை ஏறிக் கிடக்கிறது.

எந்த ஊர், யார் நிலம் என்பதை நாம் கோயம்புத்தூரில் உட்கார்ந்து முடிவு செய்ய மாட்டோம். பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் உள்ள நம் டீலர்கள் இருவர் அந்தந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பட்டியல் போடுகிறார்கள்.

இது கட்டாயமா? சம்பளத்தில் பிடித்துவிடுவீர்களா?

இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்காமல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டோம். எழுதிக் கொடுத்த பிறகும் எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆகஸ்ட் கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்குள்ள அரசு ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் தர விருப்பமில்லாதவர்கள் ‘விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ‘தர மாட்டேன்’ என்று ஒருவரை எழுத வைப்பது அவரை நாலு பேர் முன்னால் நிறுத்துவது போன்றது. இங்கே தருகிறவர் மட்டும் எழுதினால் போதும். எழுதாதவர் யார் என்ற பட்டியலே இருக்காது. சூபர்வைசர்கள் யாராவது ‘நீ போட்டியா?’ என்று கேட்டால் உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள்.

எவ்வளவு தர வேண்டும்?

மாதம் 20 ரூபாய் முதல் எதுவாக இருந்தாலும் சரி. பெரிய தொகையாக எழுதிவிட்டு மூன்றாவது மாதம் சிரமப்படுவதைவிட, வீட்டில் யாருக்கும் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருப்பது நல்லது. வாரம் இரண்டு டீ செலவு என்று வைத்துக்கொண்டால்கூட மூன்று வருடத்தில் கணிசமாகச் சேரும்.

நிறுவனம் எவ்வளவு போடுகிறது?

நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனம் ஒரு ரூபாய் போடும். முதல் வருடத்துக்கு மூன்று லட்ச ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறோம். தொழிலாளர்கள் யாருமே தராமல் போனாலும் அதில் ஒரு லட்சம் நேரடி வேலைக்குப் போகும். அதை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது.

சமூகப் பொறுப்புச் செலவு என்று சட்டப்படி ஏதாவது இருக்கிறதா என்றும் ஒருவர் கேட்டார். ஒரு வருடத்தில் நிகர லாபம் ஐந்து கோடியோ, விற்றுமுதல் ஆயிரம் கோடியோ, நிகர மதிப்பு ஐந்நூறு கோடியோ இருக்கும் கம்பெனிகளுக்குத்தான் அந்தச் சட்டம். நாம் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. யாரும் சொல்லி இதைச் செய்யவில்லை.

பேனர், பெட்டியில் ஸ்டிக்கர், உதவி வாங்குகிறவர்களை நிற்க வைத்துப் போட்டோ, இவை எதுவும் கிடையாது. இதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. கூலி வாங்குகிறவர் வேலை செய்து வாங்குகிறார். அவர் கையில் பணத்தைக் கொடுத்துப் படம் எடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வீட்டில் பழைய துணி நிறைய இருக்கிறது. கொண்டுவரலாமா?

வேண்டாம். வருத்தப்படாதீர்கள், உங்கள் மனசு புரிகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரத்தில் பழைய துணி மலைபோல் குவிந்து கிடந்தது. வந்த துணியை யாரும் எடுக்கவில்லை. அதை அப்புறப்படுத்துவதே அங்கிருந்தவர்களுக்குத் தனி வேலையாகப் போனது. வீட்டையும் ஆட்களையும் இழந்து நிற்கிறவரிடம் கிழிந்த சட்டையை நீட்டினால் அவர் மனம் என்ன பாடுபடும்? இப்போது கஜா அடித்திருப்பதும் அதே நாகப்பட்டினம் மாவட்டம். அவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

நாமும் இதில் தவறு செய்திருக்கிறோம். 2015 சென்னை வெள்ளத்தின்போது நம் பட்டறையிலிருந்து ஒரு வண்டி நிறையத் துணியும் பிரெட்டும் அனுப்பினோம். யாருக்கு, எந்தத் தெருவுக்கு என்று கேட்காமல் அனுப்பினோம். வண்டி இரண்டு நாள் அலைந்தது. பிரெட் பூஞ்சை பிடித்தது. துணி ஒரு மண்டப வாசலில் இறங்கி அங்கேயே நனைந்தது. அன்றைக்கு டீசலுக்குச் செலவான பணத்தையாவது யார் கையிலாவது கொடுத்திருக்கலாம் என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

அப்படியானால் பொருளே வேண்டாமா?

கேட்டு வாங்குவதாக இருந்தால் சரி. இப்போது டீலர்கள் கேட்டிருப்பவை: கெட்டியான தார்ப்பாய், நைலான் கயிறு, கொசுவலை, சோலார் விளக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும், பெண்களுக்குப் புதிய உள்ளாடையும் நாப்கினும். கடைசியாகச் சொன்னதைக் கேட்க எல்லோரும் தயங்குகிறார்கள், அதனால்தான் நாங்களே எழுதுகிறோம். எல்லாமே புதிதாக இருக்க வேண்டும். முடிந்தால் பணமாகக் கொடுங்கள், பட்டுக்கோட்டையிலேயே வாங்குகிறோம். அந்த ஊர்க் கடைக்காரரும் மூன்று வாரமாக வியாபாரம் இல்லாமல்தான் இருக்கிறார்.

தென்னங்கன்று வாங்கித் தரலாமா? அதுதானே நேரடி உதவி?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். ஆசை நியாயமானது, ஆனால் அவசரப்படக் கூடாது.

நல்ல கன்று ஒரே வாரத்தில் வந்துவிடாது. நல்ல தாய்மரத்திலிருந்து நெற்று (முற்றிய விதைத்தேங்காய்) எடுத்து, நாற்றங்காலில் ஊன்றி, ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வளர்த்துத்தான் நடுவார்கள். எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் கன்று தேடுகிறபோது எங்கிருந்தோ தரமில்லாத கன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருப்பார்கள். தவறான கன்றை வைத்தது ஏழு வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது விவசாயி யாரிடம் போய்க் கேட்பார்? தானமாகக் கொடுத்த நம்மிடம் கேட்கவும் மாட்டார்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ரகம், எப்போது, எந்த மண்ணுக்கு என்பதை அங்கே கேட்டுத்தான் செய்வோம். கன்றுக்கென்று தருகிற பணம் தனியாகக் கணக்கில் இருக்கும். நிலம் சுத்தமான பிறகு, நல்ல கன்று கிடைக்கிறபோது எடுப்போம். அதற்கு ஒரு வருடம் ஆனாலும் ஆகலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் 25 அடி இடைவெளியில் குழி எடுத்து ஆற விடலாம். மரம் இல்லாததால் இப்போது தோப்பில் நல்ல வெயில் விழுகிறது. உளுந்து, கடலை, காய்கறி போடலாம். அதற்கான விதைச் செலவுக்குப் பணம் தரலாம். அது சில மாதத்தில் கைக்கு வரும் வருமானம்.

பணம் தர முடியாது. உழைப்பாக ஏதாவது தரலாமா?

பணத்தைவிட இது பெரிது. வேறு யாரும் செய்ய முடியாத, நம் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு வேலை அங்கே காத்திருக்கிறது.

ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்வாரிய ஊழியர்கள் வெளிமாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து, வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நட்டார்கள். ஒவ்வொரு ஊராகக் கரண்ட் வருகிறது. கரண்ட் வந்ததும் விவசாயி முதலில் செய்வது மோட்டார் சுவிட்சைப் போடுவதுதான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மோட்டார் கொட்டகைமேல் மரம் விழுந்து ஸ்டார்டர் பெட்டி நாள்கணக்கில் நனைந்திருக்கும். கான்டாக்டரில் (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) துரு, ரிலேயில் (சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் பாகம்) ஈரம், பெட்டிக்குள் எறும்பும் பல்லியும். மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரியும், பெட்டியில் ஷாக் அடிக்கும். மூன்று பேஸ் கரண்டில் இரண்டு பேஸ் மட்டும் வருகிற இடத்தில் மோட்டார் முனகும், பிறகு கருகும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. புதிதாக லைன் இழுத்த இடத்தில் பேஸ் வரிசை மாறி வந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீர் குறைவாக வரும், விவசாயி போர்வெல் வற்றிவிட்டது என்று நினைத்து அதற்கு வேறு கடன் வாங்குவார். இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் தீருகிற பிரச்சினை அது.

ஆகவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் நால்வர் கொண்ட குழு ஒன்று போகிறது. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் இலவசமாகப் பார்ப்போம். ‘இது நம்ம பெட்டி இல்லீங்க’ என்று யாரும் திரும்பி வரக் கூடாது. உதிரிப்பாகம் நிறுவனச் செலவு. போகிறவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் உண்டு. சாப்பாட்டையும் தங்குவதையும் நாமே பார்த்துக்கொள்கிறோம், அந்த ஊர் வீடுகளில் பாரமாகப் போய் இறங்க வேண்டாம். அவர்கள் கூப்பிட்டுக் காபி கொடுத்தால் மறுக்காதீர்கள்.

நான் டெல்டா வாடிக்கையாளர். பழைய பாக்கி இருக்கிறது. என்ன செய்வது?

ஆறு மாதத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம். பாக்கி அப்படியே நிற்கட்டும், வட்டி கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்ட டீலர்கள் அனைவருக்கும் இது பொருந்தும். பெட்டி பழுதென்றால் பாக்கியை நினைத்துத் தயங்காமல் கூப்பிடுங்கள்.

என் ஊரே அந்தப் பக்கம்தான். வீட்டு ஓடு பறந்துவிட்டது. நானும் தர வேண்டுமா?

நம்மில் மூன்று பேருக்கு இந்த நிலை. நீங்கள் தர வேண்டியதில்லை, வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டியில்லா முன்பணம் தருகிறோம், பொங்கல் கழித்துச் சிறுகச் சிறுகத் திருப்பினால் போதும். பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. போய் வீட்டைப் பாருங்கள், அம்மா அப்பாவோடு இருங்கள். ஏற்கெனவே லீவு போட்டுப் போய்வந்தவர்களுக்கு அந்தச் சம்பளமும் இந்த மாதம் சேர்ந்து வரும். இதைக் கேட்க வெட்கப்பட்டு ஒருவர் மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறார். நாங்கள்தான் முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

வருமான வரியில் கழிக்க முடியுமா?

முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தந்ததற்கு 80ஜி பிரிவில் முழுத் தொகைக்கும் விலக்கு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. பொருளாகத் தந்ததற்கும் கிடையாது. நேரடி வேலைக்குத் தரும் பணத்துக்கும் விலக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே எந்த வழி என்று தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு எண் வந்தது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அழுகிற குழந்தை படமும் கீழே ஒரு எண்ணும் இருந்தால் நம் மனசு இளகிவிடும், அதைத்தான் மோசடிக்காரர்கள் நம்புகிறார்கள். நிவாரண நிதிக்கு நேரில் அனுப்ப வேண்டுமென்றால் அரசின் இணையதளத்துக்கு நீங்களே போய் அனுப்புங்கள். நம் நிறுவனத்தின் பெயரிலும் வெளியில் யாரும் வசூல் செய்யவில்லை.

கணக்கை யார் பார்க்கிறார்கள்?

அசெம்பிளியிலிருந்து ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர், பட்டுக்கோட்டை டீலர் ஒருவர். முதலாளி குடும்பத்தினர் யாரும் இதில் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வரவும் செலவும் எழுதிய தாள் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்படும். கூலி வாங்கியவர் கையெழுத்து, மெஷின் வாடகை ரசீது எல்லாம் பைலில் இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். யார் எவ்வளவு தந்தார்கள் என்பது மட்டும் அந்தத் தாளில் வராது.

சரி, சேர வேண்டும். என்ன செய்வது?

அலுவலகத்தில் ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. பெயர், மாதத் தொகை, இரண்டில் எந்த வழி, கையெழுத்து, அவ்வளவுதான். டீலர்களும் வாடிக்கையாளர்களும் போனில் சொன்னால் படிவத்தை அனுப்பி வைக்கிறோம்.

வேலைக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை காலை நான்கு மணிக்குப் பட்டறை வாசலில் இருக்க வேண்டும். டெஸ்டர், மெகர், கான்டாக்ட் கிளீனர், ஸ்பானர் செட் வண்டியில் இருக்கும். நீங்கள் டார்ச்சும் ரப்பர் செருப்பும் மாற்றுத் துணியும் எடுத்து வாருங்கள். இந்த வாரம் பேராவூரணிப் பக்கம் பதினோரு கொட்டகை பட்டியலில் இருக்கிறது. முதலில் ஊர்க் குடிநீர் மோட்டார், அப்புறம் மற்றவை.